பாக்கி = பாக்கி + 60: அந்தக் குறிக்கு என்ன பொருள்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பி.காம் முடித்து மும்பை அந்தேரியில் ஒரு ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறீர்கள், சாயங்காலம் பைத்தான் என்ற ப்ரோகிராமிங் மொழி கிளாஸ் போகிறீர்கள், மூன்று வாரம் ஆகிறது. வேரியபிள், அதாவது ஒரு மதிப்புக்கு நாம் வைக்கிற பெயர், என்றால் டப்பா என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எண் = எண் + 1 என்ற வரியைப் பார்த்ததும், கணக்குப்படி இது நடக்கவே நடக்காதே என்று தோன்றியிருக்கிறது. அ = ஆ என்று எழுதினால் ஆ காலியாகிவிடுமா, அல்லது இரண்டும் அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்டே இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதெல்லாம் ஒருவழியாக மனப்பாடம் ஆன நேரத்தில், பிப்ரவரி = ஜனவரி என்று எழுதிவிட்டு பிப்ரவரி லிஸ்ட்டில் (பல எண்களை வரிசையாக வைக்கிற பட்டியல்) ஒரு எண்ணை மாற்றினால் ஜனவரி லிஸ்ட்டும் சேர்ந்து மாறுகிறது. கடைசி வரியில் 'எனக்கு இது வராதோ' என்று முடித்திருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தால் நான்கு கேள்வி வருகிறது, ஆனால் அடியில் இருப்பது ஒன்றுதான்: அந்த = குறி ஓர் உண்மையைச் சொல்கிறதா, ஒரு வேலையைச் சொல்கிறதா?

வேலையைத்தான் சொல்கிறது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. நான் 21 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அதில் 9 வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தாராவியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், முதல் மாதத்தில் தடுக்கி விழுகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் செய்தி வாக்கியம், கட்டளை வாக்கியம் என்று படித்திருப்பீர்கள். கணக்குப் புத்தகத்தில் வரும் = செய்தி வாக்கியம்: இதுவும் அதுவும் சமம், என்றைக்கும் சமம். ப்ரோகிராமில் வரும் = கட்டளை வாக்கியம்: இதைச் செய், செய்து முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போ. கட்டளை உண்மையாகவும் இருக்க முடியாது, பொய்யாகவும் இருக்க முடியாது. 'கதவைச் சாத்து' என்று ஒருவர் சொன்னால் அது பொய் என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை அல்லவா, அதே போலத்தான் எண் = எண் + 1.

அப்பா தொண்ணூறு அடி ரோட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார். மாதச் சம்பளக்காரர்களுக்குப் பற்று நோட்டு உண்டு, ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். ஒரு வீட்டில் பழைய பாக்கி 340, இன்றைக்கு 60 ரூபாய்க்குச் சாமான் போயிருக்கிறது என்றால், அப்பா என்னிடம் சொல்வது 'பாக்கியோட அறுபதைக் கூட்டி பாக்கியில எழுது'. நான் 340 ஐப் பார்ப்பேன், மனதில் 60 ஐக் கூட்டுவேன், 340 ஐ அடித்துவிட்டு 400 என்று எழுதுவேன். பாக்கி = பாக்கி + 60 என்ற வரி இதைத்தான், இதை மட்டும்தான் சொல்கிறது. வலப்பக்கம் இருக்கிற பாக்கி அடிப்பதற்கு முன்னால் இருந்த எண், இடப்பக்கம் இருக்கிற பாக்கி புதிய எண் போய்ச் சேர வேண்டிய இடம். ஒரே சொல் இரண்டு தடவை வருகிறது, இரண்டுக்கும் நடுவில் நேரம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் முதலில் எதுவுமே எழுதவில்லை என்றால் எதோடு கூட்டுவது? பைத்தானும் அதையே கேட்கும். பாக்கிக்கு முன்னால் மதிப்பு எதுவும் கொடுக்காமல் இந்த வரியை ஓட்டிப் பாருங்கள், அப்படி ஒரு பெயரே எனக்குத் தெரியாது என்று எரர் கொடுக்கும். வலப்பக்கத்தைத்தான் அது முதலில் பார்க்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம்.

அப்பா சொன்ன வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள். 'கூட்டி' முதலில் வருகிறது, 'எழுது' கடைசியில் வருகிறது. வினையெச்சம் முன்னால், வினைமுற்று பின்னால், இதுதான் தமிழ் பேசும் விதம். கம்ப்யூட்டரும் இந்த வரிசையில்தான் வேலை செய்கிறது: வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, வந்த விடையை இடப்பக்கப் பெயரில் வை. கிளாஸில் இந்த வரியை 'எண் ஈக்வல் டு எண் பிளஸ் ஒன்' என்று சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள், அப்படி வாசித்தால் காதில் விழுவது செய்தி வாக்கியம், குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. நான் பிள்ளைகளிடம் 'எண்ணோடு ஒன்றைக் கூட்டி எண்ணில் வை' என்று வாசிக்கச் சொல்வேன். இரண்டு வாரம் பிடிவாதமாக இப்படி வாசித்தால் போதும். தமிழ்ப் பாடநூல்களில் வேரியபிளுக்கு மாறி என்றும், = போட்டு மதிப்பை வைக்கிற அசைன்மெண்ட்டுக்கு மதிப்பிருத்தல் என்றும் போட்டிருப்பார்கள், 'இருத்தல்' என்ற சொல்லிலேயே வைக்கிற வேலை இருக்கிறது, நல்ல சொல்.

உங்களுக்குக் குழப்பம் வந்தது உங்கள் தப்பு இல்லை, குறியைத் தேர்ந்தெடுத்தவர்களின் தப்பு என்றே சொல்வேன். இந்த இரட்டைக் கோடு 1557-ல் ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் கணக்குக்காகக் கொண்டுவந்தது, இணைகோடுகளைவிடச் சமமான இரண்டு பொருள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். 1940-களில் கொன்ராட் சூசா ஜெர்மனியில் முதல் ப்ரோகிராமிங் மொழிகளில் ஒன்றை வடிவமைத்தபோது மதிப்பிருத்தலுக்கு அம்புக்குறி மாதிரி ஒன்றைத்தான் போட்டார். 1957-ல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி = குறியை எடுத்துக்கொண்டது. அல்கால், பாஸ்கல் மொழிகளை உருவாக்கிய ஆட்கள் அதை ஏற்காமல் := என்று எழுதினார்கள், 1964-ல் வந்த பேசிக் மொழியில் வரிக்கு முன்னால் 'லெட்' என்று ஒரு சொல் வரும், அதாவது 'ஆகட்டும்' என்று. அப்புறம் பெல் லேப்ஸில் கென் தாம்சன் தன்னுடைய பி மொழியில் := ஐ = என்று சுருக்கினார், அதிலிருந்து சி, சியிலிருந்து ஜாவா, பைத்தான் என்று எல்லாவற்றுக்கும் இந்தப் பழக்கம் இறங்கிவிட்டது. ஆக இது நம்மிடம் வந்து சேர்ந்த ஒரு பழக்கம். அதற்குள் ஆழமான தத்துவம் இருக்கிறது, நமக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

சரி, அ = ஆ. அ-வில் 10, ஆ-வில் 20 இருக்கிறது, அ = ஆ ஓடிய பிறகு இரண்டிலும் 20. ஆ காலியாவதில்லை. காலியாகும் என்று உங்களுக்கு ஏன் தோன்றியது என்று யோசித்தேன், டீ டம்ளர் உதாரணம் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரு டம்ளரில் டீ, ஒரு டம்ளரில் காபி, இரண்டையும் இடம் மாற்ற மூன்றாவது டம்ளர் வேண்டும் என்று எல்லா கிளாஸிலும் சொல்வார்கள். மூன்றாவது இடம் ஏன் தேவை என்பதற்கு அது சரியான உதாரணம்தான், ஆனால் ஊற்றினால் முதல் டம்ளர் காலியாகும், கம்ப்யூட்டரில் எதுவும் காலியாகாது. அதனால் அந்த உதாரணத்தை நான் விட்டுவிட்டேன். ஒரு பக்கத்தில் இருப்பதைப் பார்த்து இன்னொரு பக்கத்தில் எழுதுவது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் இடம் மாற்ற அ, ஆ = ஆ, அ என்று ஒரே வரி போதும். வலப்பக்கம் முழுவதையும் பார்த்து முடித்த பிறகுதான் இடப்பக்கத்துக்கு வருகிறது, அதனால் மூன்றாவது டம்ளர் வேண்டியதில்லை. அதே ஒரு விதி.

இரண்டும் ஒட்டிக்கொண்டே இருக்குமா என்ற கேள்விக்கு நான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அக்கவுண்ட்ஸ்காரர், நாள் முழுக்க எக்செல் பார்க்கிறவர். எக்செல்லில் ஒரு கட்டத்தில் விலை, பக்கத்துக் கட்டத்தில் எண்ணிக்கை, மூன்றாவதில் இரண்டையும் பெருக்கும் ஃபார்முலா. விலையை மாற்றினால் மொத்தம் தானாக மாறும். ஏனென்றால் எக்செல் அந்த = ஐ ஒரு நிரந்தர உறவாக வைத்துக்கொள்கிறது. பைத்தானில் விலை = 50, எண்ணிக்கை = 4, மொத்தம் = விலை * எண்ணிக்கை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் விலை = 70 என்று போட்டால், மொத்தம் 200 ஆகவே இருக்கும். பெருக்கிய நொடியில் 50 தான் இருந்தது, விடை வந்தது, வைத்தாயிற்று, எங்கிருந்து வந்தது என்ற ஞாபகம் அதற்கு இல்லை. மாறிய விலைக்கு மொத்தம் வேண்டுமானால் அந்த வரியை மறுபடி ஓட்ட வேண்டும். இதையே திருப்பிப் போட்டும் பார்க்கலாம்: எக்செல்லில் ஒரு கட்டத்துக்குள் அதே கட்டத்தோடு 60 ஐக் கூட்டு என்று எழுதினால் சர்குலர் ரெஃபரன்ஸ் என்று எச்சரிக்கும், நிரந்தர உறவாகப் பார்த்தால் அது உண்மையிலேயே நடக்காத காரியம். பைத்தானில் சாதாரண வரி. இரண்டிலும் ஒரே குறி, இரண்டும் வேறு வேறு பேச்சு. எக்செல் நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே தடுமாறுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன், எக்செல் தெரியாத பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்தத் தடுமாற்றம் வருவதில்லை.

இனி அந்த லிஸ்ட் விஷயம். பற்று நோட்டு உதாரணம் இதுவரைதான் வரும், இதற்கு மேல் அதை இழுத்தால் கிழிந்துவிடும். இங்கே வேறு படம் வேண்டும். மும்பையில் இருக்கிற வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) ஸ்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பூரில் ஹார்பர் லைன் ஏறுகிற பெரியவர்கள் இன்றைக்கும் வி.டி. என்றுதான் சொல்கிறார்கள். 1996-ல் அது சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது, 2017-ல் நடுவில் மகாராஜ் சேர்ந்து சிஎஸ்எம்டி ஆனது. பெயர் மூன்று, கட்டடம் ஒன்று. முதல் பிளாட்ஃபாரத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்தால், சிஎஸ்எம்டி என்று சொல்லிப் போனாலும் வி.டி. என்று சொல்லிப் போனாலும் அதே புதுப் பெயிண்ட்தான் கண்ணில் படும். பைத்தானில் பெயர்கள் எல்லாம் இப்படித்தான், மதிப்பு எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது, பெயர் அதைச் சுட்டுகிறது. ஜனவரி = [4200, 3900, 5100] என்று எழுதினால் ஒரு லிஸ்ட் உருவாகி ஜனவரி என்ற பெயர் அதன்மேல் விழுகிறது. பிப்ரவரி = ஜனவரி என்று எழுதும்போது புது லிஸ்ட் எதுவும் உருவாகவில்லை, அதே லிஸ்ட்டுக்கு இரண்டாவது பெயர் வைத்தீர்கள். அப்புறம் பிப்ரவரி[0] = 4500, அதாவது லிஸ்ட்டின் முதல் எண்ணை 4500 ஆக்கு, என்றால் நீங்கள் கட்டடத்துக்குள் போய்ப் பெயிண்ட் அடிக்கிறீர்கள், ஜனவரி என்று கேட்டாலும் 4500 தான் வரும்.

அப்படியானால் எண்களில் ஏன் இது நடக்கவில்லை என்று கேட்பீர்கள், கேட்க வேண்டும். அ = ஆ போட்டபோதும் இரண்டு பெயரும் ஒரே 20 ஐத்தான் சுட்டின. ஆனால் எண்ணுக்குள் போய் எதையும் மாற்ற பைத்தானில் வழியே இல்லை, 20 என்றால் 20 தான். ஆ = ஆ + 1 என்றால் 21 என்று வேறொரு மதிப்பு வந்து, ஆ என்ற பெயர் அதற்கு நகர்ந்துவிடுகிறது, அ பழைய 20 மேலேயே இருக்கிறது. வி.டி. என்ற பெயரை நாளைக்கே தாதர் ஸ்டேஷனுக்கு வைத்தால் பழைய கட்டடத்தின் ஒரு கல்கூட அசையாது, அதே மாதிரி. இடப்பக்கம் வெறும் பெயர் இருந்தால் பெயர் நகர்கிறது, இடப்பக்கம் பெயரோடு [0] போல ஒன்று இருந்தால் பொருளுக்குள் கை வைக்கிறீர்கள். இந்த வித்தியாசம் கண்ணில் பட ஆரம்பித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். ஒரே ஒரு முடிச்சு மட்டும்: ஜனவரி = ஜனவரி + [6000] என்றால் புது லிஸ்ட் உருவாகிப் பெயர் நகர்கிறது, ஜனவரி += [6000] என்றால் அதே லிஸ்ட் நீள்கிறது, பிப்ரவரியும் சேர்ந்து நீளும். பார்க்க ஒன்று போல இருக்கும். பல வருடம் வேலை பார்த்தவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

டப்பா என்று சொல்லிக்கொடுத்தது தப்பா? இங்கேதான் நான் உறுதியாகப் பேச முடியாத பகுதி வருகிறது. சி மொழியில் அது தப்பே இல்லை, அங்கே ஒரு முழு எண் வேரியபிள் என்பது மெமரியில் குறிப்பிட்ட அளவுள்ள ஓர் இடம், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் 4 பைட், = போட்டால் மதிப்பு அந்த இடத்துக்குள் நகலாகிறது. ஜாவாவில் எண் போன்ற எளிய வகைகளுக்கு டப்பா, மற்றதற்கெல்லாம் பெயர்ச்சீட்டு. பைத்தானில் எல்லாமே பெயர்ச்சீட்டு. ஆனால் முதல் வாரத்தில் எதைச் சொல்லித் தொடங்குவது நல்லது என்பதில் கற்றுக்கொடுப்பவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. நான் பற்று நோட்டில் தொடங்கி, லிஸ்ட் வருகிற அன்றைக்கு அதை வெளிப்படையாகக் கைவிட்டு, வி.டி. ஸ்டேஷனுக்கு மாறுகிறேன். இது என் கைப்பழக்கம், நிரூபித்த முறை என்று சொல்ல மாட்டேன். டப்பா உதாரணத்தைச் சொல்லிவிட்டு, அது எங்கே நிற்காது என்று சொல்லாமல் போவது மட்டும் கண்டிப்பாகத் தப்பு.

இரட்டைச் சமக்குறியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 'சமமா?' என்று கேட்பதற்கு ==, 'வை' என்று சொல்வதற்கு =. 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்கிற இஃப் வரியில் மறந்துபோய் ஒற்றைக் குறி போட்டால் பைத்தான் உடனே எரர் கொடுத்து நிறுத்திவிடும். சி மொழி நிறுத்தாது, வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். 2003 நவம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் ப்ரோகிராம் நகல் ஒன்றில் யாரோ இரண்டு வரியை நுழைத்தார்கள். பார்த்தால், ப்ரோகிராமை ஓட்டுகிறவரின் அடையாள எண் 0 தானா என்று சோதிப்பது போல இருக்கும். ஆனால் அங்கே இருந்தது ஒற்றைச் சமக்குறி, அதாவது அவருடைய எண்ணை 0 ஆக்கிவிடு என்ற கட்டளை. லினக்ஸில் 0 என்றால் கம்ப்யூட்டரின் முழு அதிகாரமும் உள்ளவர். அந்த மாற்றம் வழக்கமான வழியில் வரவில்லை என்பதால் கண்டுபிடித்துவிட்டார்கள், மூல ப்ரோகிராமுக்குள் அது போகவே இல்லை. செய்தி வாக்கியத்துக்கும் கட்டளை வாக்கியத்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நான் எப்போதும் இதைத்தான் எடுப்பேன்.

'எனக்கு இது வராதோ' என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோது மனது கஷ்டமாக இருந்தது. இதே கேள்வியை வைத்து ஓர் ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. 2006-ல் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் சயீத் தெஹ்னாடியும் ரிச்சர்ட் போர்னட்டும், ப்ரோகிராமிங் தெரியாதவர்களிடம் அ = 10, ஆ = 20, அ = ஆ, இப்போது என்ன ஆகும் என்கிற மாதிரியான கேள்விகளைக் கொடுத்து, பதிலை வைத்து யாருக்கு ப்ரோகிராமிங் வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டியே பிரித்துவிடலாம் என்று எழுதினார்கள். அந்தக் கட்டுரை உலகம் முழுக்கச் சுற்றியது, எத்தனை ஆசிரியர்கள் அதைக் காட்டி எத்தனை பேரை ஒதுக்கினார்களோ. 2014-ல் போர்னட்டே அந்த முடிவை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார், அந்தச் சோதனை அப்படிப் பிரித்துக் காட்டவில்லை என்று. அதனால் மூன்றாவது வாரத்தில் இது குழம்புகிறது என்பதை வைத்து உங்களுக்கு வரும், வராது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். லிஸ்ட் மாறியதைக் கவனித்து, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனையோ பேர் அதைக் கவனிக்காமலேயே தாண்டிப் போகிறார்கள்.

பழகுவதற்கு ஒரு வழிதான் எனக்குத் தெரியும், பென்சில். பற்று நோட்டில் 340 ஐ அடித்தாலும் கோட்டுக்குக் கீழே அது தெரியும், கம்ப்யூட்டரில் பழைய மதிப்பு சுவடில்லாமல் போய்விடும். ஸ்கிரீனில் எல்லா வரியும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதால் எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பது போல மனது எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒரு தாளில் ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள், ப்ரோகிராமை ஒரு வரி ஓட்டி, மாறியதை அடித்து, கீழே புதியதை எழுதுங்கள். தினமும் ஐந்தாறு வரி போதும், ஹார்பர் லைனில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயே செய்யலாம். எழுதி முடித்த பிறகு பைத்தான் டியூட்டர் என்ற இணையப் பக்கத்தில் அதே வரிகளைப் போட்டால் பெயரிலிருந்து மதிப்புக்கு அம்பு போட்டு வரிவரியாகக் காட்டும், பிலிப் குவோ 2010-ல் தொடங்கியது, இலவசம். ஆனால் முதலில் தாள், பிறகு அது. இன்னொன்று, பைத்தான் 3 வந்த 2008-லிருந்து வேரியபிள் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், மேலே நான் எழுதிய பாக்கி, விலை, ஜனவரி எல்லாம் அப்படியே ஓடும். வேலைக்குப் போகிற இடத்தில் மற்றவர்களும் படிக்க வேண்டும் என்பதால் ஆங்கிலத்தில்தான் வைக்க வேண்டியிருக்கும், பழகுகிற நாட்களில் தமிழில் வைத்தால் எது நம் பெயர், எது பைத்தானின் சொந்தச் சொல் என்று பார்த்ததுமே பிரிந்து தெரியும்.

உங்கள் ப்ரோகிராமிலிருந்து நீங்கள் எடுத்து அனுப்பியிருக்கிற நான்கு வரியை வைத்து மட்டும் சொல்கிறேன்: பிப்ரவரி = ஜனவரி என்ற வரியை பிப்ரவரி = ஜனவரி[:] என்று மாற்றுங்கள், அந்த [:] முழு லிஸ்ட்டையும் நகலெடுத்துக் கொடுக்கும், ஜனவரி தப்பித்துவிடும். மீதி ப்ரோகிராமை நான் பார்க்கவில்லை. உங்கள் லிஸ்ட்டுக்குள் ஒவ்வொரு கடைக்கும் தனி லிஸ்ட் இருந்தால் இந்த நகல் போதாது, வெளிக் கூடு மட்டும் புதிதாகும், உள்ளே இருப்பவை இரண்டு மாதத்துக்கும் பொதுவாகவே இருக்கும், அதற்கு டீப்காப்பி என்று ஒன்று தனியாக இருக்கிறது. அப்படி உள்லிஸ்ட் இருந்தால் அந்த வரிகளையும் எடுத்துப் போடுங்கள், எங்கே இரண்டு பெயர் ஒரே பொருள் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.